தலைவரின் வாசலும் நமது கோரிக்கையும்

நாட்டை ஆளுகிறவர் தம் குறையை நேரில் கேட்க வேண்டும் என்பது மக்களின் மிகப் பழைய ஆசை. நம்மில் பலருடைய முன்னோர் கப்பலேறிய நாகூருக்கும் நாகப்பட்டினத்திற்கும் அண்மையில் இருப்பது திருவாரூர். அவ்வூர் அரண்மனை வாசலில் ஒரு மணி தொங்கிற்று என்றும், குறையுடையவர் எவரும் அதனை அடிக்கலாம் என்றும், கன்றைப் பறிகொடுத்த பசு ஒன்று அதனை அடித்தது என்றும், தேரோட்டிக் கன்றைக் கொன்ற தன் மகனையே சோழ மன்னன் தேர்க்காலில் இட்டான் என்றும் கதை கேட்டிருக்கிறோம். கதை நடந்ததோ இல்லையோ, அதில் இரண்டு செய்திகள் உண்டு. பசுவிடம் சிபாரிசுக் கடிதம் இல்லை. ஆயினும் அதன் முறையீடு கேட்கப்பட்டது. இது முதலாவது. வேறெந்தப் பசு வந்து மணியை அடித்திருந்தாலும் அதே தீர்ப்புத்தான் கிடைத்திருக்கும். இது இரண்டாவது. முதற் செய்தியை நாம் போற்றுகிறோம். இரண்டாவதை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

தலைவர் ஒருவர் மக்களைச் சந்தித்துக் குறை கேட்பது நீதியா, சலுகையா? வந்து கேட்டவருக்குக் கிடைத்து, வாராதவருக்குக் கிடைக்காமற் போனால் அது முறையாகுமா? நமது சிங்கப்பூரில் நடந்த ஒன்றை வைத்தே இவ்வினாவை ஆராய்வோம்.

1955ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி இங்கு பொதுத் தேர்தல் நடந்தது. முப்பத்திரண்டு பேர் கொண்ட சட்டசபையில் இருபத்தைந்து பேரை மக்களே தேர்ந்தெடுத்தனர். அவற்றில் பத்து இடங்களைத் தொழிலாளர் முன்னணி பெற்றது. அதன் தலைவர் டேவிட் மார்ஷல் முதலமைச்சரானார். புகழ்பெற்ற வழக்கறிஞர், ஈராக்கிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் 1908இல் இத்தீவிலேயே பிறந்தவர். அவருடைய இனத்தார் இங்கே மிகச் சிறு தொகையினர். சொந்த இனத்தின் வாக்குகளைக் கொண்டு மட்டும் அவர் பதவிக்கு வந்திருக்க முடியாது.

முதலமைச்சர் என்ற பெயர் இருந்ததே தவிர, அதிகாரத்தின் பெரும் பகுதி கவர்னரிடமும் வெள்ளை அதிகாரிகளிடமும் இருந்தது. அவருக்கென ஓர் அலுவலக அறைகூட ஆயத்தமாக இருக்கவில்லை. எம்பிரஸ் பிளேசில் ‘பழைய ஆப்பிள் மரம்’ என்று பெயர் பெற்ற மரத்தடியில் மேசை போட்டு அமர்ந்துவிடுவேன் என்று அவர் எச்சரித்த பிறகே, மாடிப்படிக்குக் கீழே ஒரு சிற்றறை கிடைத்தது. மக்கள் நேரே வந்து தத்தம் குறைகளைச் சொல்லும் ‘மக்கள் சந்திப்பு’ என்னும் வழக்கத்தை அவரே தொடங்கி வைத்தார்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இன்றைய இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். குடியேற்ற ஆட்சியில் ஏழைக்கும் சர்க்காருக்கும் நடுவே எத்தனையோ படிகள் இருந்தன. மனு எழுதிக் கொடுப்பவருக்குக் கூலி; ஆங்கிலம் தெரிந்தவருக்கு மரியாதை; அதிகாரியை அறிந்த பிரமுகருக்கு நன்றிக்கடன். குறை ஒருவருடையது, அதைச் சொல்லும் வாய் இன்னொருவருடையது. அந்த நடுப்படிகளைத் தாண்டி, ‘நீயே வந்து சொல், கேட்கிறேன்’ என்று நாட்டின் முதலமைச்சர் சொன்னபோது, குடிமகனின் மதிப்பு உயர்ந்தது. கேட்கப்படுவதே ஒரு கௌரவம் என்பதை, கேட்கப்படாமல் இருந்தவர்கள் அறிவார்கள்.

ஆயினும் நம் வினா இன்னும் நிற்கிறது. ஓர் உதாரணம் கொள்வோம். ஒரே அடுக்குமாடியில் இரண்டு விதவைகள் வசிக்கிறார்கள். இருவருக்கும் வாடகை பாக்கி. இருவருக்கும் சிறு குழந்தைகள். ஒருத்தி தொகுதி உறுப்பினரைச் சென்று காண்கிறாள்; அவளுக்குத் தவணை நீட்டிக்கப்படுகிறது. மற்றவளுக்கு அப்படியொரு சந்திப்பு நடப்பதே தெரியாது. அவள் வீட்டுக் கதவில் எச்சரிக்கைக் கடிதம் வருகிறது. முதலாமவளுக்குச் செய்தது நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நன்மை எதனால் வந்தது? அவளுடைய வறுமையினாலா, அவள் நடந்து சென்றதனாலா? வறுமையினால் என்றால் மற்றவளுக்கும் அது உரியதே. நடந்து சென்றதனால் என்றால் அதற்குப் பெயர் சலுகை.

‘அப்படியானால் இரக்கத்துக்கே இடமில்லையா? சட்டம் எல்லாவற்றையும் முன்கூட்டி அறியுமா?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. சட்டம் பொது அளவுக்குத் தைத்த சட்டை போன்றது. சிலருக்குத் தோளில் இறுக்கும்; சிலருக்குக் கை நீளும். அது எங்கே இறுக்குகிறது என்பதைத் தைத்தவர் அறியார், அணிந்தவரே அறிவார். ஆகவே குறை கேட்பது அவசியம். ஆனால் ஒருவருடைய சட்டையை மட்டும் இரகசியமாகப் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டு, அதே தோளுடைய நூறு பேரை இறுக்கத்திலேயே விட்டுவிடுவது நீதியாகாது. ஒரு குறை உண்மையென்று கண்டால் அளவே திருத்தப்பட வேண்டும். ஒருவர் கொண்டுவரும் குறை பலருக்கு வழி திறக்கும்போதுதான் மக்கள் சந்திப்பு நீதியின் வாசலாகிறது.

இதனை அறிந்துகொள்ள நாம் ஓர் எளிய சோதனையைச் சொல்லுவோம். நமது கோரிக்கையை, வரிசையில் நமக்குப் பின்னால் நிற்பவரின் காதில் விழும்படி உரக்கச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் அது நியாயமான கோரிக்கை. குரலைத் தாழ்த்தத் தோன்றுமானால், அங்கே கேட்கப்படுவது பிறருடைய பங்கு. (நோயும் குடும்பத் துயரமும் அந்தரங்கமாகச் சொல்லத் தக்கவையே. நாம் குறிப்பிடுவது கேட்கும் காரியத்தை.) ‘என் பிள்ளையின் மனு இத்தனை மாதமாகப் பதிலின்றிக் கிடக்கிறது’ என்பதை உரக்கச் சொல்லலாம். ‘மற்றவர்களை நிறுத்தி வைத்து என் பிள்ளையை முன்னே விடுங்கள்’ என்பதை அவ்வாறு சொல்ல முடியாது.

இதே சோதனை தலைவருக்கும் பொருந்தும். அவர் தரும் பதிலும் பின்னால் நிற்பவர் கேட்கத் தக்கதாக இருக்க வேண்டும். ‘விதி இடங்கொடுக்கிறது, விரைவுபடுத்துகிறேன்’ என்பது ஒரு பதில். ‘இது இயலாது’ என்பது இரண்டாவது; கசப்பானாலும் நேர்மையானது. ‘விதியே தவறு, மாற்றப் பேசுகிறேன்’ என்பது மூன்றாவது. இம்மூன்றையும் சபை நடுவே சொல்லலாம். ‘உனக்காக மட்டும் பார்க்கிறேன்’ என்பதைச் சொல்ல முடியுமா? இங்கே 2018இல், வழக்கில் இருந்த ஒருவருக்காகத் தொகுதி உறுப்பினர் எழுதிய கடிதமொன்று விவாதத்துக்கு உள்ளாயிற்று. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் தொகுதி மக்களுக்காக நீதிமன்றத்துக்கு நேரே எழுதலாகாது என்பது அப்போது எடுத்துரைக்கப்பட்டது. இரக்கத்துக்கும் எல்லை உண்டு என்பதை நாடு ஒப்புக்கொண்டதாகவே நாம் கருதுகிறோம்.

வாசலைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? நடக்க இயலாதவரும், கூச்சப்படுபவரும், மொழி அறியாதவரும் வரமாட்டார்கள். 1962ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் 1963 செப்டம்பர் வரை பிரதமர் லீ குவான் யூ, இத்தீவின் ஐம்பத்தொரு தொகுதிகளுக்கும் தாமே சென்றார். அரசியல் நோக்கம் அதில் இருந்தது. தேர்தல் அண்மையில் இருந்ததை எவரும் மறுக்கமாட்டார். ஆயினும் அங்கே மக்கள் கேட்டவை சாலையும், தெருவிளக்கும், கால்வாயும், பொதுத் தண்ணீர்க் குழாயும். எல்லாரும் கூடியிருந்த இடத்தில் கேட்கப்பட்டவை. கிடைத்தபோது எல்லாருக்கும் கிடைத்தவை. நாம் சொன்ன சோதனையில் அவை தேறுகின்றன.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்ஷல் ஆட்சிக் காலத்தில், 1956இல், சட்டசபை விவாதத்துக்கு ஆங்கிலத்தோடு மலாய், மாண்டரின், தமிழ் ஆகியவையும் உரியனவாக வேண்டும் என்று அச்சபை தீர்மானித்தது. குறை கேட்பதாகச் சொல்லிவிட்டுக் குறையுடையவனின் மொழியை ஏற்க மறுப்பது, மணியைக் கட்டிவிட்டுக் கயிற்றை அறுப்பதற்குச் சமம். தமிழர்களாகிய நாம் இத்தீர்மானத்தை நினைவில் வைத்திருத்தல் தகும்.

இனி நமது சங்கத்தைப் போன்ற சங்கங்களின் கடமை என்ன? எழுத அறியாதவருக்கு எழுதிக் கொடுப்பதும், வழி தெரியாதவரை அழைத்துச் செல்வதும் நல்ல தொண்டு. ஆனால் பழைய பிரமுகர்களின் நடுப்படியை நாமே மீண்டும் கட்டிவிடக் கூடாது. ‘என்னால்தான் உனக்கு நடந்தது’ என்ற சொல் ஒரு தொண்டூழியரின் வாயிலிருந்து வரலாகாது. மேலும், வரிசையில் யார் நிற்கிறார் என்பதோடு யார் நிற்கவில்லை என்பதையும் நாம் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து வந்து உணவுக்கடையில் பின்னிரவு வரை நின்று உழைக்கும் இளைஞனுக்கு இங்கே வாக்கில்லை. சந்திப்பு நடக்கும் மாலை வேளையில் அவனுக்கு ஓய்வும் இல்லை. அவனுடைய சம்பளக் குறையையும், நோயையும் யார் சொல்வது? வாக்குள்ளவரின் குறையை மட்டும் கேட்கும் செவி பாதிச் செவியே.

மார்ஷல் பதினான்கு மாதங்களே ஆண்டார். 1956இல் இலண்டன் பேச்சில் உள்நாட்டுச் சுயாட்சி பெறத் தவறினால் பதவி துறப்பேன் என்று சொல்லியிருந்தார். பேச்சு முறிந்தது; ஜூன் 7ஆம் தேதி சொன்னபடியே துறந்தார். அவர் 1995இல் மறைந்தார். ஆனால் அவர் தொடங்கிய மக்கள் சந்திப்பை அவருடைய எதிர்க்கட்சியினரும் மேற்கொண்டனர். இன்றும் அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களில் அது நடைபெறுகிறது. ஒரு தலைவரின் கருணையாக மட்டும் இருந்திருந்தால் அது அவரோடு போயிருக்கும். அவர் போன பிறகும் நின்றதனால்தான் அது மக்களின் உரிமையாயிற்று.

உரிமையை உரிமையாகவே நடத்துவோம். அடுத்த முறை நம்மில் ஒருவர் மனுவோடு அவ்வரிசையில் நிற்கையில், திரும்பிப் பின்னால் நிற்பவரை ஒருகணம் பார்க்கட்டும். தமக்குக் கேட்பதை அவருக்கும் சேர்த்துக் கேட்கட்டும்.