கைப்பிடிச் சுவரும் இரத்தப்பழியும்



உபாகமம் 22-ம் அதிகாரம் 8-ம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். (இப்போதைய வேதாகமத்தில் இணைச்சட்டம் என்றிருக்கும்.) புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் வைக்கக்கடவான்; வையாமல் ஒருவன் விழுந்து மாண்டால் பழி அவ்வீட்டைச் சேரும் என்பது சர்வேசுரன் இஸ்ராயேலருக்கு இட்ட கட்டளை. விழுந்தவனுடைய அஜாக்கிரதையைப் பற்றி அங்கே ஒரு பேச்சும் இல்லை.

நாமோ, சாரத்திலிருந்து கொத்தனார் விழுந்தார் என்று கேட்டதும், “அவன் தலையெழுத்து”, “குடித்திருப்பான்” என்கிறோம். சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டபோதும் ஜனங்கள் இப்படித்தான் நினைத்தார்கள். அவர்கள் மற்றவரிலும் பெரிய பாவிகளல்ல என்று சேசுநாதர் சுவாமி கண்டிப்பாய்ச் சொன்னார்.

தலையெழுத்து என்பவர்கள் இதைக் கேளுங்கள். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் 1933 முதல் 1937 வரை கட்டப்பட்டது. வேலை நடந்த இடத்துக்கு அடியில் பெரிய வலை கட்டினார்கள். தவறி விழுந்த 19 பேரை அது தாங்கிற்று. 1937 பெப்ருவரி 17-ந் தேதி ஒரு சாரம் பெயர்ந்து, வலையையும் கிழித்துக்கொண்டு போனதில் 10 பேர் மாண்டது மெய்தான். ஆனால் வலையில்லாதிருந்தால் அந்த 19 பேரின் வீட்டிலும் தலையெழுத்தைத்தானே பேசியிருப்போம்?

இருபதடி உயரம் நமக்குப் பெரிதாய்த் தோன்றாது. அங்கிருந்து விழுகிறவன் ஒரு வினாடிக்குச் சற்று அதிகமான நேரத்தில், மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறான். முதுகெலும்பு முறிந்து நரம்பும் அறுந்தால் பிழைத்தாலும் கால் வழங்காது.

வீடு கட்டுகிறவர்களே, “மேஸ்திரியிடம் காண்ட்ராக்ட் விட்டாயிற்று” என்பது போதாது. தரைக்கு எந்த டைல்ஸ் என்று நாலு கடை ஏறி இறங்குகிறீர்கள். சாரக் கயிறு இற்றுப்போயிருக்கிறதா, ஓரத்தில் தடுப்பு உண்டா, வெளிச்சுவர் பூசுகிறவருக்குப் பாதுகாப்பு பெல்ட் இருக்கிறதா, அதைப் பலமான இடத்தில் மாட்டியிருக்கிறாரா என்று ஒரு நாளாவது பார்த்ததுண்டா? வீடு மந்திரிக்க மட்டும் குருவானவரைத் தேடி வருகிறீர்கள்!

ஒருவேளை யாரேனும் விழுந்துவிட்டால், பதைப்பில் கைகாலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள். ஒடிந்த எலும்பு அசைந்தால் தப்பியிருந்த நரம்பும் அறுந்துபோகலாம். கழுத்தும் முதுகும் அசையாதபடி கிடத்தி, 108-ஐக் கூப்பிடுங்கள். அவர் படுக்கையில் கிடக்கும் நாளெல்லாம் அவர் வீட்டில் உலை வைக்க வேண்டுமே. அந்தக் கூலியையும் கொண்டுபோய்க் கொடுங்கள்.