வளைந்த கழுத்து

தன் கடமையைச் செய்ததாலேயே கோணிப்போன ஒன்றைக் குற்றமுடையது என்று சொல்லலாமா? மின்கித்தாரின் கழுத்து இக்கேள்வியை நம்முன் வைக்கிறது. ஆறு தந்திகளும் சுருதி கூட்டப்பெற்றால், அந்த மெலிந்த மரக்கழுத்தின்மேல் ஏறத்தாழ 40 முதல் 50 கிலோ எடைக்கு நிகரான இழுவிசை விழுகிறது. வாசிப்பவர் உறங்கும்போதும் அது தளர்வதில்லை. காற்றின் ஈரம் மிகும்போது மரம் பருக்கிறது, வறட்சியில் சுருங்குகிறது. நாளடைவில் கழுத்து முன்னோக்கி வளைய, தந்திகள் மெட்டுகளை விட்டு உயர்கின்றன, அழுத்தும் விரல் நோகிறது, சுருதியும் பிசகுகிறது. கோணலைக் காணும் நம் கண்ணுக்குப் பளு தெரிவதில்லை.

தந்திகளை அவிழ்த்துவிட்டால் பல கழுத்துகள் தாமே நிமிரும். ஆனால் தந்தியில்லாத கித்தாரின் நேர்மையை யார் மெச்சுவார்? சோதனையே காணாத ஒருவரின் ஒழுக்கத்தைப் புகழ்வது போன்றதே அது. ஆகவே பளுவை நீக்காமல் கழுத்தை நிமிர்த்த வழி தேடினார்கள். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹியூ 1921இல் விண்ணப்பித்து, 1923இல் காப்புரிமை பெற்ற உத்தி ஒன்று உண்டு. கழுத்தின் உள்ளே எஃகுத் தண்டைப் புதைத்து, அதன் முனையிலுள்ள திருகை முடுக்கினால் தந்திகளின் இழுப்புக்கு எதிரான இழுப்பு உள்ளிருந்தே பிறக்கும். மேப்பிள் மரத்தின் உறுதியை நம்பி, 1950இல் லியோ ஃபெண்டர் தம் முதல் மின்கித்தார்களை இத்தண்டு இல்லாமலேயே செய்தார். அவ்வாண்டு முடியுமுன்னே அதைச் சேர்க்க வேண்டியதாயிற்று. மரம் எத்தனை உயர்ந்ததாயினும் தனித்து நிற்கவில்லை.

திருத்தும் கைக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். திருகைக் கால் சுற்று மட்டும் திருப்புவார்கள். மீண்டும் சுருதி கூட்டி, மரம் அடங்கும்வரை காத்திருந்து பார்ப்பார்கள். ஒரே மூச்சில் நிமிர்த்த நினைப்பவர் கழுத்தை எதிர்ப்புறம் வளைப்பார். இன்னும் முடுக்கினால் திருகின் புரி தேய்ந்துபோகும், அல்லது தண்டே முறியும். நம் இல்லங்களிலும் வகுப்பறைகளிலும் ஆத்திரத்தோடு நடைபெறும் திருத்தங்கள் பல இவ்வகையினவே அன்றோ!

எவ்வளவு நிமிர்த்துவது என்பதும் எண்ணத்தக்கது. முழு நேராக நிமிர்ந்த கழுத்திலும் குறை உண்டு. அதிரும் தந்தி தன் நடுப்பகுதியில்தான் அகலமாக அசைகிறது; அதற்கு இடமில்லையேல் மெட்டுகளில் உரசி இரையும். ஆதலால் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் குழிவை வேண்டுமென்றே விட்டுவைப்பது வழக்கம். நேரான அம்பு கொடுமை செய்வதையும் வளைந்த யாழ்க்கோடு இனிமை தருவதையும் காட்டி, செயலைக் கொண்டே ஒருவரை அறியச் சொன்ன வள்ளுவருக்கு இக்கணக்கு வியப்பளித்திராது.

இனி, தண்டுக்கு அடங்காத கோணல்களும் உண்டு. கழுத்து கயிறுபோல் முறுக்கிக்கொண்டால் நீளவாக்கில் இழுக்கும் தண்டு என்ன செய்யும்? சூடேற்றி, இடுக்கிகளால் எதிர்ப்புறம் வளைத்துக் கட்டி, ஆறவிடுவார்கள். சில கழுத்துகள் அப்படியே நிற்கும், சில திங்கள்களில் பழைய கோணலுக்குத் திரும்புவனவும் உண்டு. மெட்டுகளைப் பிடுங்கி, விரற்பலகையை இழைத்துச் சமன்செய்து, மீண்டும் மெட்டு அடிப்பது மற்றொரு வழி. உள்ளே மரம் கோணலாகவே இருக்க, மேற்பரப்பை மட்டும் நேராக்கும் வேலை இது. இதை ஏமாற்று என்று நாம் சொல்ல மாட்டோம், பாட்டு திரும்பிவிடுகிறதே. ஆனால் இழைத்த மரம் திரும்பி வராது.

நான்கு திருகாணிகளைக் கழற்றி வேறு கழுத்தைப் பூட்டுவதுதான் எளிது. ஃபெண்டர் அப்படி மாற்றுவதற்கென்றே அதை அமைத்தார். மரத்தைப் பொறுத்தவரை அதில் தவறேதும் இல்லை. மாற்றிப் பழகிய கை மனிதரிடமும் திருகாணியைத் தேடத் தொடங்குவதே நம் அச்சம். தளர்ந்த பணியாளரையும், தேர்வில் தோற்ற மாணவனையும் எத்தனை விரைவில் கழற்றிவிடுகிறோம்!

பழைய கழுத்தையே காக்க விரும்பும் சிலர், நிமிர்த்திய பின் அதில் முன்னிலும் மெல்லிய தந்திகளைப் பூட்டுகிறார்கள். இழுவிசை சில கிலோ குறைகிறது. நாதம் சற்று மெலிந்து கேட்கலாம். அதற்கேற்ப வாசிப்பவர் தம் விரலின் அழுத்தத்தைப் புதிதாகப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.