மருத்துவமனை வாசலோடு முடிந்த வாக்குறுதி

2010 ஜனவரியில், பொதுத்தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்த நேரத்தில், பிரிட்டனின் சாலையோரங்களில் எதிர்க்கட்சித் தலைவர் டேவிட் கேமரனின் முகம் பதித்த பெரிய விளம்பரப் பலகைகள் எழுந்தன. அரசின் பற்றாக்குறையைக் குறைப்பேன், தேசிய சுகாதார சேவையில் கைவைக்க மாட்டேன் என்பது அவற்றில் இருந்த உறுதிமொழி. 2008இல் வங்கிகள் சரிந்த பிறகு அந்நாட்டின் ஆண்டுப் பற்றாக்குறை தேசிய வருமானத்தில் ஏறத்தாழ 10 சதவீதத்தை எட்டியிருந்தது. மே மாதம் கேமரன் பிரதமரானார். அக்டோபரில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் நான்காண்டுச் செலவுத் திட்டத்தை அறிவித்தபோது பெரும்பாலான துறைகளின் மீது வெட்டு விழுந்தது. இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களுக்கு அரசு தரும் மானியத்தில் கால்வாசிக்கு மேல் போயிற்று. சுகாதாரத்துக்கு மட்டும் விலைவாசி உயர்வைவிட ஆண்டுக்கு 0.1 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது. அந்தச் சேவை பிறந்த நாள்முதல் அதன் செலவு ஆண்டுக்குச் சராசரியாக மூன்றரை சதவீதத்துக்கு மேல் வளர்ந்து வந்திருந்தது என்பதோடு வைத்துப் பார்த்தால் இது ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிறுத்தியதுதான். ஆனாலும் சுற்றிலும் வெட்டுப்பட்டவற்றின் நடுவே சுகாதாரம் மட்டும் வேலிக்குள் இருந்தது.

குறைத்தே தீர வேண்டும் என்று ஓர் அரசு முடிவெடுத்துவிட்டால், ஒன்றை மட்டும் தொடாமல் விடுவது நியாயமா? அந்த ஒன்றுக்காக மற்றவை சுமக்கும் பாரத்துக்கு யார் பொறுப்பு?

வேலி கட்டியவர்களின் பக்கம் வலுவான நியாயம் இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1948 ஜூலை 5 அன்று, பிரதமர் அட்லியின் தொழிற்கட்சி அரசில் சுகாதார அமைச்சராக இருந்த அனைரின் பெவன் தொடங்கிவைத்த சேவை அது. நோயுற்றவர் மருத்துவமனையில் பணம் கட்ட வேண்டியதில்லை. நாடே வரியாக முன்கூட்டிக் கட்டிவிடுகிறது. நோய் தகுதி பார்த்து வருவதில்லை. அது வரும் நேரத்தில்தான் சம்பாதிக்கும் சக்தியும் போகிறது. நாட்டுக்கு நெருக்கடி வரும்போது வேலை இழப்பவர்கள் பெருகுகிறார்கள், மனம் உடைகிறவர்கள் பெருகுகிறார்கள். மருத்துவத்தின் தேவை கூடுகிற அதே வேளையில் மருத்துவத்தின் பணத்தைக் குறைப்பது, விழுந்தவன்மேல் ஏறி மிதிப்பது.

வேலி இல்லாத நாட்டில் என்ன நடந்தது என்பதற்குக் கிரீஸ் இருக்கிறது. கடன் கொடுத்தவர்கள் விதித்த நிபந்தனைகளில் ஒன்று, பொதுச் சுகாதாரச் செலவு தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது. அங்கே மருத்துவக் காப்பீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. நெடுநாள் வேலையற்றிருந்தவர்கள் காப்பீட்டையும் இழந்தார்கள். 2011இல் ஏதென்ஸில் ஊசிவழிப் போதைப்பொருள் எடுப்பவர்களிடையே எச்.ஐ.வி. தொற்று திடீரென்று ஏறியது. பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒழிந்துபோயிருந்த மலேரியா தெற்கே லக்கோனியா வட்டாரத்தில் உள்ளூரிலேயே மீண்டும் பரவியது. காப்பீடற்றவர்களுக்குப் பொது மருத்துவமனையின் கதவு சட்டப்படி முழுமையாகத் திறக்க 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, காக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. எதைக் காப்பது என்பதில்தான் தகராறு. இத்தகராறு வலதுசாரிக்கும் இடதுசாரிக்கும் இடையே மட்டும் நடப்பது என்று எண்ணுவதும் தவறு. சுகாதார சேவைக்கு மூன்று வயது நிரம்புமுன்பே, அதைப் பெற்ற தொழிற்கட்சியே அதன் பணத்துக்காக உடைந்தது. 1951 ஏப்ரலில் கொரியப் போரையொட்டிய ஆயுதச் செலவுக்கு நிதி தேடிய நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல், பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் விலையில் பாதியை நோயாளியே தர வேண்டும் என்றார். பெவன் பதவி விலகினார். சக அமைச்சர்கள் ஹரால்ட் வில்சனும் ஜான் ஃப்ரீமனும் உடன் வெளியேறினார்கள். அந்த ஆண்டுக்குக் கிடைக்கவிருந்த தொகை 1.3 கோடி பவுண்டு. அரசின் மொத்தச் செலவில் அது துளி. துளிக்காக அமைச்சர் பதவியைத் துறப்பதா என்று கேட்டவர்கள் உண்டு. ஆயுதச் செலவு அந்த அளவுக்குக் கூட வேண்டுமா என்று கேட்காமல், நோயாளியின் பையில் கை விடுவதை முதல் வழியாகக் கொண்டதுதான் பெவனுக்குப் பொறுக்கவில்லை. அவர் சுட்டிய இடம் சரியான இடம். அறுபது ஆண்டுகள் கழித்தும் அங்கேதான் கண் போக வேண்டியிருந்தது.

அறுபது ஆண்டு கழித்து நடந்தது இது. 2010 மே வரை சுகாதார அமைச்சராக இருந்த தொழிற்கட்சியின் ஆண்டி பர்ன்ஹாம், எதிர்க்கட்சி வரிசைக்குப் போன சில வாரங்களில், ஆஸ்போர்ன் வகுத்த மொத்தத் தொகைக்குள் நின்றுகொண்டு சுகாதாரத்துக்கு மட்டும் உண்மை உயர்வு தருவது பொறுப்பற்ற செயல் என்றார். உள்ளாட்சி மன்றங்கள் முதியவர்களுக்கு வீட்டிலேயே தரும் பராமரிப்பு நொறுங்கும், அவர்கள் மருத்துவமனைக்கு வந்து சேருவார்கள், திரும்பப் போக வழியிருக்காது என்பது அவரது வாதம். மருத்துவமனையை நேசிக்கும் மக்களிடம் இதைச் சொல்வது எளிதல்ல. சுகாதார சேவையை வெட்டச் சொன்னவர் என்ற பட்டம் ஆண்டுக்கணக்கில் அவரைத் துரத்தியது. விளம்பரப் பலகையில் எழுத முடிகிற வாக்குறுதிக்கு, எழுத முடியாத வாதம் ஈடுகொடுக்கவில்லை.

நடந்ததோ அவர் சொன்னபடிதான். இங்கிலாந்தில் அரசுச் செலவில் பராமரிப்புப் பெற்றுவந்த முதியவர்களின் எண்ணிக்கை 2009க்கும் 2014க்கும் இடையே சுமார் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. முதுமை குறையவில்லை, தகுதி விதிகள் இறுகின. வீட்டுப் பராமரிப்பு என்பது பெரிய மருத்துவம் ஒன்றும் அல்ல. காலையில் ஒருவர் வந்து படுக்கையிலிருந்து எழுப்பிவிடுவார், குளிக்க உதவுவார், மாத்திரையை நேரத்துக்குக் கொடுப்பார், சாப்பிட்டாரா என்று பார்ப்பார். அந்த ஒருவர் வருவது நின்றால், தனியாக வாழும் எண்பது வயது மூதாட்டி குளியலறையில் வழுக்கி விழுகிறார். இடுப்பெலும்பு முறிகிறது. ஆம்புலன்ஸ் வருகிறது. அறுவை சிகிச்சை நன்றாகவே முடிகிறது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதால் வாரக்கணக்கில் அதே கட்டிலில் கிடக்கிறார். அவர் எழுந்தால்தான் அவசரப் பிரிவில் காத்திருப்பவர் வார்டுக்குப் போக முடியும். அவர் போனால்தான் வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ் தன் நோயாளியை இறக்க முடியும். அவசரப் பிரிவுக்கு வருவோரில் 95 சதவீதம் பேரை நான்கு மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும் என்ற இலக்கை இங்கிலாந்து கடைசியாக எட்டியது 2015 ஜூலையில். அறுவை மருத்துவரான டார்சி பிரபு 2024 செப்டம்பரில் அரசிடம் தந்த அறிக்கையின்படி, மருத்துவமனைக் கட்டில்களில் 13 சதவீதத்தில் இருந்தவர்கள், வெளியே பராமரிப்புக்காகவோ பொருத்தமான வேறு இடத்துக்காகவோ காத்திருந்தவர்கள்.

வீட்டில் இருந்தபோதும் அவர் அதே மூதாட்டிதான், வார்டில் இருந்தபோதும் அதே மூதாட்டிதான். ஒரு கணக்கில் அவர் காக்கப்பட்டவர், மறு கணக்கில் கைவிடப்பட்டவர். காப்பதாகச் சொன்ன அரசின் கண்ணில் அவர் பட்டது ஆம்புலன்ஸில் ஏறிய பிறகுதான் என்றால், அந்த அரசு காத்தது ஒரு துறையை; ஒரு மனிதரை அல்ல.

முதியவராவது கட்டிலில் கிடந்து தன் இருப்பைக் காட்டுகிறார். குழந்தைகளின் கதை இன்னும் மோசம். ஷூர் ஸ்டார்ட் என்ற பெயரில் முந்தைய தொழிற்கட்சி அரசு இங்கிலாந்தின் ஏழைப் பகுதிகளில் தொடங்கிய குழந்தை மையங்கள், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உடல்நலம், வளர்ப்பு, வேலை தேடல் என எல்லாவற்றுக்கும் ஓரிடத்தில் உதவின. அவை சுகாதாரத் துறையின் வேலிக்கு வெளியே இருந்தன. 2010இல் உச்சத்தில் இருந்த அவற்றின் நிதி, பத்தாண்டு முடிவதற்குள் மூன்றில் இரு பங்கு கரைந்தது. நிதி ஆய்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வு, இம்மையங்கள் அருகில் இருந்த குழந்தைகள் பிற்பாடு மருத்துவமனையில் சேர்க்கப்படுவது குறைந்தது என்றும், அந்தப் பயன் பதினோரு வயதில் மிகத் தெளிவாகத் தெரிந்தது என்றும், ஏழை வட்டாரங்களிலேயே அது அதிகம் என்றும் கண்டது. மருத்துவமனையைக் காப்பதற்காக, பிள்ளைகளை மருத்துவமனைக்குப் போகாமல் காத்த இடத்தை மூடினார்கள்.

இன்று புற்றுநோய் மருந்து கிடைக்காதவருக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு, தொலைக்காட்சியில் பேசும் குடும்பம் உண்டு. பத்தாண்டு கழித்து நோயாளியாகப் போகிற குழந்தைக்கு இன்று முகமே இல்லை. கண்முன் துடிப்பவரை முதலில் தூக்குவது மனித இயல்பு. அதில் குற்றம் காண முடியாது. தனிமனிதருக்குப் பொருந்தும் இந்த நியாயம் அரசுக்கு அப்படியே பொருந்தாது. அரசின் கையில் புள்ளிவிவரம் இருக்கிறது, ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், எந்தத் தெருவில் எந்த நோய் வரும் என்று சொல்லும் வரைபடங்கள் இருக்கின்றன. தெரிந்தும் பாராமல் இருந்ததற்கு, தெரியாமல் இருந்ததற்குரிய மன்னிப்பு கிடையாது.

வாக்குறுதியைக் காத்த விதத்திலும் ஒரு பிழை இருக்கிறது. 2015 செலவுத் திட்டத்தில் காக்கப்படும் சுகாதாரம் என்பதன் எல்லையையே சுருக்கினார்கள். முன்பு துறையின் முழு நிதியும் அதற்குள் அடங்கியது. இப்போது இங்கிலாந்தின் சிகிச்சைச் சேவைக்கான பணம் மட்டும் அடங்கியது. நோய்த்தடுப்புப் பணிக்கான மானியம் வெளியே போயிற்று. 2013இல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்ட அப்பணியிலிருந்து 2015இல் ஆண்டு நடுவிலேயே 20 கோடி பவுண்டு பிடுங்கப்பட்டது. பயிற்சி நிதியும் வெளியே நின்றது. 2017இல் செவிலியர் மாணவர்களின் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் ஒதுக்கிய பணத்தில் 430 கோடி பவுண்டை ஐந்தாண்டுகளில் அன்றாடச் செலவுக்குத் திருப்பினார்கள். செவிலியர் பற்றாக்குறையை இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் ஆளெடுத்து நிரப்பினார்கள். அந்தச் செவிலியர்களைப் படிக்கவைத்த செலவு அவர்களது குடும்பங்களுடையது, அவர்களது நாடுகளுடையது. வேலிக்கு வெளியே தள்ளிய சுமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

காப்பாற்ற முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி வாக்கை மீறுகிற அரசை மக்கள் எடைபோட முடியும். எல்லையை நகர்த்திவைத்து வாக்கைக் காத்ததாகச் சொல்லும் அரசை எடைபோட மக்களிடம் தராசு இல்லை. இரண்டில் பின்னதே பெரிய குற்றம்.

எதிர்வழியில் போன அரசும் இருந்தது. வேல்ஸில் ஆட்சி செய்த தொழிற்கட்சி, லண்டனிலிருந்து வரும் ஒட்டுமொத்த நிதி குறைந்தபோது சுகாதாரத்துக்கு வேலி கட்டவில்லை. சில ஆண்டுகள் அங்கே சுகாதாரச் செலவு விலைவாசிக் கணக்கில் குறைந்தது. சமூகப் பராமரிப்பு இங்கிலாந்து அளவுக்கு அடிபடவில்லை. வேல்ஸ் நோயாளிகளும் விலை கொடுத்தார்கள். அறுவை சிகிச்சைக்கான காத்திருப்பு எல்லைக்கு அப்பால் இருந்ததைவிட நீண்டது. 2014 ஏப்ரலில் கேமரன், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இடையிலுள்ள ஆஃபா மன்னனின் பழைய மண்கரை வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலான கோடாகிவிட்டது என்று பேசினார். கார்டிஃபில் இருந்த வேல்ஸ் அரசுக்கு அப்போது வருமான வரியை உயர்த்தும் அதிகாரமே கிடையாது. கொடுத்த தொகைக்குள் எதை வெட்டுவது என்பதை மட்டுமே அது முடிவு செய்ய முடிந்தது. தொகையைக் குறைத்தவரே, குறைந்த தொகையைப் பங்கிட்டவரைச் சாவுக்குப் பொறுப்பாளி ஆக்கியது அறத்தைத் தலைகீழாக்கிய பேச்சு.

மொத்தத் தொகை இயற்கை விதித்ததல்ல. பற்றாக்குறையைச் சரிக்கட்டுவதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைச் செலவு வெட்டிலிருந்தும் ஒரு பங்கை வரியிலிருந்தும் எடுப்பது என்பது ஆஸ்போர்னின் தேர்வு. அதே காலத்தில் நிறுவனங்களின் லாப வரி 28 சதவீதத்திலிருந்து 2017க்குள் 19ஆக இறக்கப்பட்டது. எல்லாரும் வாங்கும் பொருள்களின் மீதான மதிப்புக் கூட்டு வரி 2011 ஜனவரியில் 20 சதவீதமாக ஏற்றப்பட்டது. எதை வெட்டலாம் என்று ஊரெல்லாம் வாதாடிக்கொண்டிருக்கையில், எவ்வளவு வெட்ட வேண்டும், யாரிடமிருந்து வாங்க வேண்டும் என்ற கேள்விகள் மேடையைவிட்டு இறங்கிவிட்டன. வேலி செய்த மிகப் பெரிய தீங்கு இதுதான் என்று தோன்றுகிறது. மருத்துவமனை பத்திரமாக இருக்கிறது என்ற ஆறுதல், மற்ற வெட்டுகளை ஏற்கச் செய்தது.

கடனைப் பிள்ளைகளின் தலையில் கட்டுவது அநீதி என்பது சிக்கனம் பேசுவோரின் வலுவான வாதம். அந்தக் கவலை உண்மையானது. ஆனால் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் கடன் ஏட்டில் எழுதப்பட்டது மட்டும்தானா? 2010இல் இங்கிலாந்தில் சிகிச்சைக்குக் காத்திருந்தவர்கள் சுமார் 25 லட்சம். கோவிட் வருவதற்கு முன்பே அது 44 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அங்கே மிக ஏழைப் பகுதிகளில் வாழும் பெண்களின் ஆயுட்காலம் அந்தப் பத்தாண்டில் குறைந்தே போனது என்று பொதுச் சுகாதார ஆய்வாளர் மைக்கேல் மார்மட்டின் 2020 பிப்ரவரி அறிக்கை காட்டியது. இதுவும் கடன்தான், வட்டியோடு.

அடுத்த தேர்தலில் எந்தக் கட்சி சுகாதாரத்தைக் காப்பேன் என்று சொன்னாலும், எந்த நாட்டில் சொன்னாலும், அந்தக் காவலின் எல்லை எது, எல்லைக்கு வெளியே நிற்பவர் யார், பணம் யாரிடமிருந்து வரும் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இங்கிலாந்தின் முதியோர் பராமரிப்புக்கு அந்தக் காவல் இன்னும் கிடைக்கவில்லை. ஒருவர் வாழ்நாளில் தன் பராமரிப்புக்காகச் செலவிட வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு வேண்டும் என்று அரசு அமைத்த ஆண்ட்ரூ டில்நாட் குழு 2011 ஜூலையில் பரிந்துரைத்தது. அது 2016இல் வரும் என்றார்கள், பின்பு 2020 என்றார்கள், பின்பு கைவிட்டார்கள். 2021இல் மீண்டும் அறிவித்து 2023 என்றார்கள், அதை 2025க்குத் தள்ளினார்கள். 2024 ஜூலையில், புதிதாக வந்த தொழிற்கட்சி அரசு, பணமில்லை என்று சொல்லி அதை ரத்து செய்தது.