பொறுமையும் மருந்தும்

நோயைப் பொறுத்துக்கொள்வது உயர்ந்ததா, அதற்கு மருந்து தேடுவது உயர்ந்ததா? தீராத நோயுடன் வாழும் அன்பர்கள் பலரது உள்ளத்தில் இக்கேள்வி எழுகிறது. சோரியாசிஸ் மூட்டழற்சி என்ற நோயை முன்வைத்து இதைச் சிந்திப்போம்.

உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல் உடலையே தாக்குவதால் இந்நோய் உண்டாகிறது. பெரும்பாலோருக்கு முதலில் தோலில் செதில் செதிலான படை தோன்றும். சில ஆண்டுகள் கழித்து மூட்டுகள் வீங்கி வலிக்கத் தொடங்கும். சிலருக்கு நகங்களில் சிறு குழிகள் விழும், குதிகால் வலிக்கும். காலையில் எழுந்ததும் மூட்டுகள் நெடுநேரம் இறுகிக் கிடக்கும். வலி சிலகாலம் தணிந்திருந்து மீண்டும் மூளும்.

துன்பங்களை மாற்ற முயலாமல், கவலையும் புலம்பலும் இன்றித் தாங்குவதைத் திதிக்ஷை என்கிறது விவேகசூடாமணி. அப்படியானால் மருந்து உண்பது மனத்தளர்ச்சியா?

ஹவுராவில் கங்கைக் கரையில் அமைந்த பேலூர் மடத்தில் இதற்கு ஒரு விடை வாழ்ந்து காட்டப்பட்டது. 1901-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே நீரிழிவாலும் ஆஸ்துமாவாலும் வருந்தினார். அவருக்கு இருந்தது மூட்டுநோய் அன்று; ஆயினும் அதுவும் அக்காலத்தில் தீராத நோயே. இன்சுலின் கண்டறியப்பட்டது 1921-இல்தான். கவிராஜ் எனப்படும் வங்காள ஆயுர்வேத மருத்துவரின் சிகிச்சையில் பெரிய நம்பிக்கை இல்லாதபோதும், சகோதரத் துறவியரின் வேண்டுகோளுக்கு இணங்கி அதை ஏற்றார். கடும் கோடையில் நீரையும் உப்பையும் விலக்கிப் பாலை உணவாகக் கொண்டார். அந்நாட்களிலேயே கலைக்களஞ்சியத்தின் தொகுதிகளை ஒவ்வொன்றாகப் படித்து வந்தார். மறைந்த நாளான 1902 ஜூலை 4-ஆம் தேதியும் பிரம்மசாரிகளுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் வடமொழி இலக்கணம் கற்பித்தார்.

உடல் ஆன்மா அன்று என்று முழங்கிய அத்வைதி அவர். இருந்தும் மருந்தை மறுக்கவில்லை. உள்ளத்தை நோயிடம் ஒப்படைக்கவும் இல்லை. திதிக்ஷையின் உயிர் கவலையற்ற உள்ளத்தில் இருக்கிறது. மருந்தைக் கவலையோடும் உண்ணலாம், கவலையின்றியும் உண்ணலாம். மேலும், குடும்பத்தைத் தாங்கும் ஒருவர் 'பொறுத்துக்கொள்கிறேன்' என்று சிகிச்சையைத் தள்ளிப்போட்டால், முடங்கிய அவரைச் சுமப்பவர்கள் மனைவி மக்களே. பிறர் தோளில் ஏற்றிவைக்கும் பொறுமை எப்படி அறமாகும்?

சோரியாசிஸ் மூட்டழற்சியை அடியோடு நீக்கும் மருந்து இன்றும் இல்லை. ஆனால் மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரைகளும் உயிரியல் ஊசிமருந்துகளும் அதைக் கட்டுப்படுத்துகின்றன. காலம் தாழ்த்தினால் மூட்டுகளில் ஏற்படும் சேதம் மீளாது. எனவே மூட்டுநோய் நிபுணரை விரைவில் நாடுவதும், உடற்பயிற்சி செய்வதும், எடையைக் குறைப்பதும், புகைப்பழக்கத்தை விடுவதும் கடமைகள். இவ்வளவும் செய்த பிறகும் எஞ்சும் வலி ஒன்று உண்டு. பொறுமைக்கு உரிய இடம் அதுவே.

அவர்களைச் சூழ்ந்து வாழும் நமக்கும் கடமை உண்டு. தோலில் தெரியும் படையைக் கண்டு ஒதுங்குகிறோம், அது தொற்றாது. மூட்டுக்குள் இருக்கும் வலி தெரிவதில்லை. அதனால் நம்ப மறுத்துச் சோம்பல் என்கிறோம். சோரியாசிஸ் நோயாளிகளை ஒதுக்கும் மனப்பான்மையை அகற்றப் பாடுபடுமாறு உலக சுகாதாரப் பேரவை 2014-இல் தீர்மானம் நிறைவேற்றி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஆனால் தீர்மானங்களால் மட்டும் இது மாறிவிடாது. அடுத்த முறை பஜனைக்கு வரும் ஓர் அன்பர் தரையில் அமரத் தயங்கினால், காரணம் கேளாமல் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போடுவோம். அவர் கையால் தரும் பிரசாதத்தைத் தயங்காமல் வாங்கிக்கொள்வோம்.