குழாயடியில் ஓர் ஆத்தும சோதனை



யாக்கோபின் கிணற்றடியில் நடந்ததைச் சொல்லும் சுவிசேஷத்தைத் தபசுகாலத்தில் கேட்டிருக்கிறீர்கள். நடுப்பகல் வேளை. வழி நடந்து களைத்த நம் ஆண்டவர் கிணற்றருகே உட்கார்ந்து, சமாரியப் பெண் ஒருத்தியிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறார். சமுத்திரத்தைப் படைத்தவர் ஒரு வாய்த் தண்ணீருக்காகக் கை நீட்டுகிறார்! இன்று அவர் நம் தெருவுக்கு வந்து கேட்டால், நாம் கொடுக்கும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாயிருக்குமா?

நம் காஞ்சிபுரத்துக்குப் பாலாறே தண்ணீர் தரும் தாய். வருஷத்தில் பெரும்பாகம் அது வறண்டு கிடந்தாலும், மணலுக்கடியில் ஊறும் நீரைக் கிணறுகளில் எடுத்துக் குழாய் வழியாக ஊருக்கு அனுப்புகிறார்கள். மணல் வடிகட்டிக் கொடுத்த நீர் நம் வீட்டு வாசலில் வந்து கெடுவானேன்?

காரணம் பல இருக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். தண்ணீர் சில மணி நேரமே வரும் தெருவில், ஒரு வீட்டார் தெருக்குழாயோடு மோட்டாரை நேரே இணைத்து உறிஞ்சுகிறார்கள். அப்போது கோடி வீட்டுக் குடம் காலியாக நிற்கிறது. அதோடு போகவில்லை. உறிஞ்சும் வேகத்தில் குழாயின் வெடிப்புகள் வழியாகப் பக்கத்துச் சாக்கடை நீரும் உள்ளே இழுக்கப்படுகிறது. அதை அத்தெருவின் குழந்தைகள் குடிக்கிறார்கள்.

1884-ஆம் வருஷம் ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய வைத்தியர் கல்கத்தாவில் ஒரு குளத்தைச் சோதித்தார். அதைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் வாந்திபேதியால் மடிந்துகொண்டிருந்தார்கள். குளத்து நீரிலே அந்நோயின் கிருமியைக் கண்டார். முதலில் இறந்தவரின் துணிகளை அக்குளத்திலேயே அலசியிருந்தார்களாம். அலசியவர்கள் அறியாமல் செய்தார்கள். நாமோ அறிந்திருக்கிறோம், நமக்குச் சாக்கு ஏது?

ஒரு ரூபாய் திருடினால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறோம். அயலானின் குடத்துத் தண்ணீரை இழுத்துக்கொண்டதை எப்போதாவது சொன்னதுண்டா? சுத்தமான குடிநீர் ஒவ்வொரு மனிதனின் அடிப்படை உரிமை என்று காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் எழுதிய நிருபத்தில் போதித்தார். உரிமையைப் பறிப்பது அற்பக் குற்றமல்ல.

ஆகையால் இன்றிரவு ஜெபத்துக்குப் பின் நம்மையே கேட்டுக்கொள்வோம். தெருக்குழாயில் மோட்டார் பூட்டியிருக்கிறேனா? குழாய்க் குழியில் அழுக்கு நீர் தேங்க விட்டேனா? சாயத் தண்ணீரையோ குப்பையையோ வேகவதிப் பக்கம் தள்ளிவிட்டேனா? கிருமியைக் கொதிக்க வைத்துக் கொல்லலாம்; சாயத்தைக் காய்ச்சிப் போக்க முடியாது என்பதை மறவாதீர்கள்.

தாய்மார்களே, குடிதண்ணீர் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிஷமாவது அடுப்பில் இருக்கட்டும். ஆறியதை மூடி வையுங்கள். கையை உள்ளே விடாமல், பிடியுள்ள கரண்டியால் மொண்டு கொடுங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குழாய்த் தண்ணீர் நாறினால் முணுமுணுத்துவிட்டுச் சும்மா இராதீர்கள். தெருவார் சேர்ந்து மாநகராட்சியில் எழுதிக் கொடுங்கள்.

தறியில் உட்கார்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாவில் ஓர் இழை அறுந்ததைப் பாராமல் நெய்தால், பழுது அந்த இழையோடு நிற்குமா? புடவை முழுவதும் அல்லவோ கெடும்! தெருவும் அப்படியே.

சின்னஞ்சிறியவருக்குக் கொடுத்த ஒரு கிண்ணம் தண்ணீருக்கும் பலன் உண்டென்று ஆண்டவர் வாக்களித்தார். ஞானஸ்நானத் தண்ணீரால் மறுபிறப்படைந்த நாம், அயலானுடைய கிண்ணத்தைச் சுத்தமாய்க் காக்கக் கடவோம்.

ஆமென்.