திருத்தும் கை

ஒருவன் நல்லெண்ணத்தோடு ஒரு செயலைத் தொடங்குகிறான். அது தீங்காய் முடிகிறது. அவன் குற்றவாளியா, அல்லனா? எண்ணத்தைக் கொண்டு மனிதனை அளப்பதா, விளைவைக் கொண்டு அளப்பதா என்னும் இவ்வினா மிகப் பழையது. எண்ணமே முதன்மை என்பார் ஒரு சாரார். தீங்குற்றவனுக்கு எண்ணத்தால் என்ன பயன் என்பார் மற்றொரு சாரார். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயினும், எண்ணத்திற்கும் இறுதி விளைவிற்கும் இடையே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பிழை நேர்ந்துவிட்டது என்று அறிந்த அந்தக் கணத்திற்குப் பின் மனிதன் என்ன செய்கிறான் என்பதே அது. இதனை எனக்கு உணர்த்தியது ஒரு பழைய கணினி.

நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தோட்டப்புறங்களில் வாழ்ந்த மூதாட்டிகளைத் தேடிச் சென்று அவர்கள் பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார். மொத்தம் 52 பாடல்கள். அவை அவருடைய கணினியின் வன்தட்டில் இருந்தன. அக்கணினியில் இயங்கியது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நிறைவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி அந்தப் பழைய கருவிக்கு இல்லை. “பழையதும் இருக்கட்டும், அதன் பக்கத்திலேயே லினக்சையும் நிறுவித் தருகிறேன்” என்று நானே வலியச் சென்றேன். “இவற்றுக்கு வேறு படி எடுத்து வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டேன். “நீங்கள்தாம் இருக்கிறீர்களே ஐயா” என்றார் அவர். அந்த விடையில் நான் மகிழ்ந்தேன். அஞ்சியிருக்க வேண்டும்.

ஒரு வன்தட்டில் இரண்டு இயங்குதளங்கள் வாழ வேண்டுமாயின், நிலத்திற்கு வரப்பிடுவதைப் போல அதனைப் பகுத்தல் வேண்டும். ஒவ்வொரு பாத்தியும் ஒரு பகிர்வு எனப்படும். எந்தப் பகிர்வு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதைச் சொல்லும் அட்டவணை ஒன்று தட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். 1983ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தின் எக்ஸ்டி கணினியோடு வழக்கிற்கு வந்த முறையில், தட்டின் முதற் கூறாகிய 512 பைட்டுகளுக்குள் அந்த அட்டவணைக்குக் கிடைத்த இடம் 64 பைட்டுகள் மட்டுமே. வரிக்கு 16 பைட்டுகளாக நான்கே வரிகள். ஆகவே முதன்மைப் பகிர்வுகளும் நான்குக்கு மேல் இருத்தல் இயலாது. ஐந்தாவது வேண்டுமெனின், நான்கனுள் ஒன்றை விரிபகிர்வாக்கி, அதனுள்ளே உட்பகிர்வுகளை அமைத்தல் வேண்டும்.

நண்பரின் தட்டில் நான்கு வரிகளும் முன்னரே நிரம்பியிருந்தன. நான் அதனைப் பார்க்கவில்லை. பாடல்கள் இருந்த பகிர்வைச் சற்றே சுருக்கி, 100 கிகாபைட் வெற்றிடம் உண்டாக்கினேன். லினக்ஸ் நிறுவியைத் தொடங்கியபோது, அவ்வெற்றிடத்திற்கு நேரே ‘பயன்படுத்த இயலாதது’ என்று திரை காட்டியது. கருவி பொய் சொல்லவில்லை. இடம் இருக்கிறது, அதனைப் பதிந்துகொள்ள அட்டவணையில் வரி இல்லை என்பதே அதன் பொருள். ஏன் இயலாது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அருகில் ‘புதிய பகிர்வு அட்டவணை’ என்றொரு பொத்தான் இருந்தது. அதனை அழுத்தினேன். எச்சரிக்கை ஒன்று வந்தது. அதனையும் முழுதாகப் படியாமல் ஒப்புதல் அளித்தேன். திரையில் தட்டு முழுவதும் வெறுமையாயிற்று.

இந்த இடத்தில் வாசகர் ஒன்றனைக் கருத்தில் கொள்ள வேண்டும். அந்நேரத்தில் நண்பரின் பாடல்களுள் ஒன்றுகூட அழியவில்லை. அழிந்தது அந்தச் சிறிய அட்டவணை மட்டுமே. நூலகத்தின் பட்டியல் கிழிந்துவிட்டது. நூல்கள் அலமாரியிலேயே இருந்தன. அப்போதே கணினியை நிறுத்தியிருந்தால் அனைத்தும் மீண்டிருக்கும்.

நான் நிறுத்தவில்லை. நண்பர் உணவு வாங்கக் கடைக்குச் சென்றிருந்தார். அவர் திரும்பி வருமுன் சரிசெய்துவிட வேண்டும் என்பதே என் நெஞ்சில் நின்ற ஒரே எண்ணம். பழைய பகிர்வுகளின் அளவுகளை நினைவிலிருந்து கணக்கிட்டுப் புதிய வரப்புகளை இட்டேன். பாடல்கள் முடியும் இடம் இதுதான் என்று நானே முடிவு செய்து, அதற்கு அப்பால் லினக்சை நிறுவத் தொடங்கினேன். என் நினைவில் இருந்த எல்லை வேறு; தட்டில் இருந்த எல்லை வேறு. புதிய இயங்குதளத்தின் கோப்புகள் பாடல்களின் மேலேயே எழுதப்படலாயின. நண்பர் உணவுப் பொட்டலங்களோடு வந்து, “என்ன ஐயா, முடிந்துவிட்டதா?” என்று வினவியபோது, “இன்னும் சிறிது நேரம்” என்றேன். அன்று நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஆனால் அந்தச் சிறிது நேரத்தில் போனவையே மீளாமற் போயின.

இறுதியில் உண்மையைச் சொன்னேன். நண்பர் ஒன்றும் பேசவில்லை. கணினித் துறையிலிருந்த தம் பழைய மாணவரைத் தொலைபேசியில் அழைத்தார். அம்மாணவர் சொன்ன முதற்சொல், “உடனே அணைத்துவிடுங்கள் சார். இனி அந்தத் தட்டில் ஓர் எழுத்தும் எழுதக்கூடாது” என்பது. மறுநாள் அவர் வந்து, முதலில் தட்டு முழுவதையும் வேறொரு தட்டிற்குப் படியெடுத்தார். மூலத்தை எடுத்து வைத்துவிட்டு, அந்தப் படியின்மேல் டெஸ்ட்டிஸ்க் என்னும் மென்பொருளை ஏவினார். பகிர்வுகள் விட்டுச்சென்ற அடையாளங்களைத் தட்டெங்கும் தேடிப் பழைய எல்லைகளை அது மீட்டது. 43 பாடல்கள் திரும்பின. 9 பாடல்கள் திரும்பவில்லை. அவற்றைப் பாடிய மூதாட்டியருள் சிலர் இன்று இல்லை.

என் குற்றம் யாது? நான்கு வரிகள் நிரம்பியிருந்ததை அறியாமை ஒரு குறை. எச்சரிக்கையைப் படியாமை அதனினும் பெரிய குறை. ஆனால் 9 பாடல்களை அழித்தது இவ்விரண்டும் அன்று. திருத்த முனைந்த அவசரமே அழித்தது. அவ்வவசரம் யாருக்காக? நண்பருக்காக என்று அன்று நினைத்தேன். இன்று எண்ணிப் பார்க்கின்றபோது, அது முற்றும் எனக்காகவே என்று காண்கிறேன். என் நெஞ்சின் படபடப்பு தணிய வேண்டும். என் பெயர் கெடாதிருக்க வேண்டும். அவர் அறியுமுன் எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும். நல்லெண்ணத்தின் உடையை அணிந்து வந்தது நாணமே.

மறைவாகத் திருத்துவதில் இன்னொரு தீங்கும் உண்டு. பொருள் அவருடையது. அது ஆபத்தில் இருக்கிறது என்று அறியும் உரிமையும், அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்யும் உரிமையும் அவருடையவை. நான் சொல்லியிருந்தால், அவர் அப்போதே தம் மாணவரை அழைத்திருப்பார். சொல்லாமையால் பாடல்களோடு அந்த உரிமையையும் பறித்தேன்.

லினக்சின் வரலாற்றிலேயே இத்தகைய பிழை ஒன்று உண்டு. 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தம் கணினியில் மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தை வைத்துக்கொண்டு, அதன் பக்கத்திலேயே தம் புதிய படைப்பை வளர்த்து வந்தார். ஒருநாள் பல்கலைக்கழகக் கணினியைத் தொலைபேசி வழி அழைக்க முனைந்தவர், மோடத்திற்குச் செல்ல வேண்டிய கட்டளையைத் தவறுதலாகத் தம் வன்தட்டிற்கே அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பகிர்வு சிதைந்தது. அவர் அதனை மீண்டும் நிறுவாமல், லினக்சையே முழுமையாக்கும் வழியில் சென்றார். பிழை ஆக்கமாயிற்று என்று இதனைப் போற்றுவோர் உளர். போற்றட்டும். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அவர் இழந்தது தம்முடையதை. தன் பொருளைப் பணயம் வைப்பவன் துணிவுடையவன் எனப்படலாம். பிறர் பொருளைப் பணயம் வைப்பவனுக்கு அப்பெயர் பொருந்தாது.

பின்னாளில் வகுக்கப்பட்ட ஜிபிடி என்னும் முறையில் 128 பகிர்வுகளுக்கு இடம் வைப்பது வழக்கம். அதைவிட எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. அட்டவணை தட்டின் தொடக்கத்தில் ஒரு முறையும், இறுதியில் மற்றொரு முறையும் எழுதப்படுகிறது. தலைப்பக்கம் சிதைந்தால் கடைப்பக்கத்தைக் கொண்டு மீட்கலாம். அதனை வகுத்தோர் பயனர் பிழையே செய்யார் என்று நம்பவில்லை. பிழை நேரும் என்று முன்னமே ஒப்புக்கொண்டு, அதற்கும் ஓர் இடம் ஒதுக்கினர். படியெடுக்காமல் பணியைத் தொடங்கிய என் தன்னம்பிக்கையைவிட, அந்த ஐயுறவு அறத்திற்கு நெருங்கியது.

ஆசிரியர்களாகிய நாம் நாள்தோறும் திருத்தும் தொழில் செய்கிறோம். மாணவனின் கட்டுரையில் நாம் இடும் சிவப்புக் கோட்டின் அடியில் அவன் எழுதியது இன்னும் தெரிகிறதா என்று பார்ப்பது நன்று. அவனுடைய சொல் மறையும்படி நம் சொல்லை மேலே எழுதிவிட்டால், அவன் என்ன சொல்ல வந்தான் என்பதை அவனும் அறியான், நாமும் அறியோம்.

எனவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு என் விடை இது. நல்லெண்ணம் பிழையை மன்னிக்கச் செய்யலாம். பிழைக்குப் பின் வரும் மறைப்பை மன்னிக்கச் செய்யாது. பிழை நேர்ந்ததும் முதற்கடமை கையை நிறுத்துதல். இரண்டாவது கடமை உரியவரிடம் சொல்லுதல். திருத்துதல் மூன்றாவதாக வரட்டும்.

நண்பர் என்னோடு இன்றும் பழையபடியே பழகுகிறார். மீண்ட 43 பாடல்களையும் இரண்டு தட்டுகளில் படியெடுத்து, அவற்றுள் ஒன்றை என்னிடமே கொடுத்து வைத்திருக்கிறார். அதனை வாங்கும்போது என் கை நடுங்கியது.