குள்ளச்சாமியைக் கண்ட கண்

புதுச்சேரி ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் குடியிருந்த வீடு இப்போது நினைவில்லம். வருகிறவர்கள் படங்களையும் கையெழுத்துப் படிகளையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கோ அந்த வீட்டைக் காட்டிலும் அது இருக்கும் தெருவின் மேல்தான் ஆசை அதிகம். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கமெல்லாம் கந்தை சுற்றிக்கொண்டு ஒரு மனிதர் திரிந்தார். தெரு நாய்களோடு விளையாடுவார், சின்னப் பிள்ளைகளோடு விளையாடுவார். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. உருவத்தைப் பார்த்துக் குள்ளச்சாமி என்றார்கள். ஞானி என்றவர்கள் சிலர். பித்தன் என்றவர்களும் உண்டு.

இதே தெருவில் வேறொரு சிறிய வீட்டில் பாரதியார் ஒரு நாள் உட்கார்ந்திருந்தார். நண்பர் ஒருவரின் தகப்பனார் உபநிடதத்தைத் தமிழில் பெயர்த்து வைத்திருந்தார். அதைத் திருத்திக் கொடுக்க வந்த இடம். குள்ளச்சாமியும் அங்கே வந்தார். உபநிடதத்தைத் திருத்துகிற ஒருவருக்குக் கந்தைக்காரரை ஏறிட்டுப் பார்க்க நேரம் இருக்காது என்றுதான் நாம் நினைப்போம். பாரதியாரோ அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நீ யார், ஏன் இப்படித் திரிகிறாய், உன் கண்ணில் தெய்வத்தின் பார்வை எப்படி வந்தது என்று கேட்டார். இவ்வளவையும் ‘பாரதி அறுபத்தாறு’ பாடலில் அவரே சொல்லியிருக்கிறார். குள்ளச்சாமி கையை உதறிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார். பாரதியார் விடாமல் பின்னால் போனார். பக்கத்தில் இடிந்து கிடந்த ஒரு மனை. சாமி குட்டிச்சுவரைக் காட்டினார், சூரியனைக் காட்டினார், பிறகு கிணற்றுத் தண்ணீரில் அந்தச் சூரியன் விழுந்து கிடப்பதைக் காட்டினார். உபதேசம் அவ்வளவுதான்.

வானத்துச் சூரியன் பாழுங்கிணற்றிலும் முழுசாகத்தான் இருக்கிறது. கடவுளின் அன்பைப் பற்றிக் கோயில்களிலும் மாதா கோயில்களிலும் எத்தனையோ பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன். இந்த ஒரு கைச்சாடை அளவுக்கு எதுவும் என்னைத் தொட்டதில்லை.

கடவுள் எல்லோரையும் நேசிக்கிறார் என்று சொல்வது நமக்குச் சுலபமாக வருகிறது. ‘எல்லோரும்’ என்ற சொல்லுக்குள் யாருடைய முகமும் இல்லை. அதனால் யாரும் நம்மைத் தொந்தரவு செய்வதில்லை. இதோ எதிரே வருகிற இந்த ஆளை, இந்த நாற்றத்தோடும் இந்தக் குரலோடும் கடவுள் நேசிக்கிறார் என்று சொல்லிப் பார்க்கும்போதுதான் நாக்கு தயங்குகிறது. அந்தத் தயக்கத்தைத் தாண்டுவதற்குத்தான் நமக்குப் பக்தியே கொடுக்கப்பட்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இந்த ஊருக்கு நேசிக்கத் தெரியாமல் இல்லை. மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று காலையில் நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் விழுந்து இறந்தபோது புதுச்சேரியே தெருவுக்கு வந்து அழுதது. அத்தனை கண்ணீரும் உண்மை. யானையின் அழகு கண்ணை நிறைத்துக்கொண்டு எதிரே நிற்கிறது; அதை நேசிக்க நாம் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளையாருக்கு அருகம்புல் மாலை வாங்குகிறோமே, அதைக் கட்டி விற்கிற அம்மாவின் முகத்தை வீட்டுக்குப் போய் நினைத்துப் பார்த்தால் நினைவுக்கு வருமா?

சம்பாக் கோயில் என்று ஊரார் சொல்லும் மாதா கோயிலைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை 1745ஆம் வருஷம் தமது நாட்குறிப்பில் எழுதிய செய்தி என் மனசை விட்டுப் போவதே இல்லை. கோயிலுக்குள்ளேயே ஒரு சுவர் இருந்தது. சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் மறுபக்கம். ஒதுக்கப்பட்டவர்கள் முறையிட்டார்கள். சுவரை இடிக்க உத்தரவாயிற்று. எல்லோரும் கலந்து உட்கார்ந்தார்கள். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப்போய்ச் சண்டைக்கு வந்தார்கள். சுவர் போனாலும் பிரிவினை போகவில்லை; செத்த பிறகும் தனித்தனிக் கல்லறைத் தோட்டம் கேட்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னமும் இருக்கின்றன.

முறையிட்டவர்களைக் கடவுள் நேசித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுவர் வேண்டும் என்று நின்றவர்களை? இந்தக் கேள்வியோடு நான் நெடுநாளாகப் போராடுகிறேன். அவர்களும் ஜெபமாலை உருட்டியவர்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மாதா முன்னால் அழுதவர்கள். அவர்களையும் நேசித்தார் என்றே நம்புகிறேன். ஆனால் நேசிப்பது என்றால் அவர்கள் கேட்டதைக் கொடுப்பது இல்லை. சுவரை இடித்தது ஒதுக்கப்பட்டவர்களுக்குச் செய்த நியாயம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தையே பார்க்காமல் செத்துப்போக இருந்தவர்களுக்குக் காட்டிய கருணையும் அதுதான். கொடுமை செய்கிறவரிடமும் அழகு ஒளிந்திருக்கிறது என்று சொல்கிறவர், அந்தக் கொடுமையை நிறுத்தவும் எழுந்து வரவேண்டும். இல்லாவிட்டால் அடிபட்டவரிடம் போய் அடித்தவரின் நல்ல குணத்தைச் சொல்லிக்கொண்டிருப்போம். அதை ஆன்மிகம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இன்னொரு நாள் குள்ளச்சாமி பழங்கந்தைகளை அழுக்கு மூட்டையாகக் கட்டி முதுகில் சுமந்துகொண்டு வந்தார். இது பைத்தியக்காரச் செய்கை ஆயிற்றே என்று பாரதியார் சிரித்துக்கொண்டே கேட்டார். நான் வெளியே சுமக்கிறேன், நீ உள்ளே சுமக்கிறாய் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டுச் சாமி போய்விட்டார். செத்துப்போன நேற்றையெல்லாம் மனசில் சுமக்காதே என்று பாரதியார் அதற்குப் பொருள் கண்டார். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. ஒவ்வொருவரைப் பற்றியும் நாம் கட்டி வைத்திருக்கும் முடிவுகள்தான் அந்தக் குப்பை. இவன் இப்படித்தான், அவள் வாய் அப்படித்தான் என்று முடிச்சுப் போட்டுவிட்ட பிறகு எதிரே நிற்கும் ஆளை நாம் எங்கே பார்க்கிறோம்?

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் ஒரு அம்மாவுக்குச் சண்டைக்காரி என்று பெயர். பேரம் பேசினால் போதும், குரல் கடை கடையாகக் கேட்கும். அரிவாள்மனையில் கை வேலை செய்துகொண்டே இருக்க, என்னைப் பார்த்ததும், “இன்னா கண்ணு, உங்க மாமியாருக்கு முள்ளு ஆவாதுன்ன இல்ல? அத்த வெச்சிடு, இந்தக் கொடுவாவ எடுத்துக்கோ” என்பார். பக்கத்தில் நிற்பவரிடம் அவர் வீட்டுப் பேரப்பிள்ளைக்கு வாய்ப்புண் ஆறியதா என்று கேட்பார். யார் வீட்டில் யாருக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அந்த அம்மாவுக்கு மனப்பாடம். ஒவ்வொருவர் தலைமுடியும் எண்ணப்பட்டிருக்கிறது என்று இயேசு சொன்னதை அந்தக் கடையில் நிற்கும்போது நான் எளிதாக நம்புகிறேன்.

பாரதியாரையும் அப்படி ஒருவர் பார்த்திருக்கிறார். விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று ஊர் அழைத்த வீட்டுக்காரர், வாடகைக்காக வந்தவர் பாட்டைக் கேட்டுவிட்டு வாயே திறக்காமல் எழுந்து போய்விடுவாராம். இலக்கிய வரலாற்றில் அவருக்கு ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. நான் ஒரு பக்கமே கொடுப்பேன்.

1913இல் கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குப் பாரதியார் பூணூல் அணிவித்துக் காயத்ரி உபதேசம் செய்தார். மனிதனாக மதிக்கப்பட யாருக்கும் பூணூல் தேவையில்லை என்று இன்று நாம் வாதிடலாம்; அந்த வாதம் சரியானதே. ஆனாலும் தாம் உயர்ந்தது என்று கற்ற ஒன்றை, அதற்கு நீ தகுதியில்லை என்று ஊர் ஒதுக்கிய ஒருவரின் தோளில் போட்ட அந்தக் கையை நான் வணங்குகிறேன். கனகலிங்கம் பின்னாளில் ‘என் குருநாதர் பாரதியார்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். புதுவையில் பாரதியார் எப்படி இருந்தார், எப்படிப் பேசினார், யாரையெல்லாம் வீட்டுக்குள் அழைத்தார் என்று ஆராய்கிறவர்கள் இன்றும் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுக்கிறார்கள். ஊர் பார்க்க மறுத்தவருடைய கண் வழியாகத்தான் நமக்கு அந்தப் பாரதி தெரிகிறார்.